பழைய ஆடியில் புதிய வானம்

நுழையும்முன்

புதிய கருவியைக் கண்டு வியப்பது எளிது. பழைய கருவியைப் பழுதின்றிக் காத்துக் காலத்திற்கேற்பத் திருத்தியமைப்பது அரிது. கண்டுபிடிப்பாளர்களின் அறிவால் மட்டுமின்றி, கருவிகளைப் பேணுவோரின் உழைப்பாலும் வளர்வது அறிவியல். ஹவாய்த் தீவின் மலையுச்சியில் 1979ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றின் வரலாற்றை முன்வைத்து, பேணுதலின் பெருமையையும் அதன் எல்லையையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

பாலம் ஒன்று திறக்கப்படும் நாளில் ஊரே கூடுகிறது. கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. அதே பாலத்தின் இணைப்புகளை ஆண்டுதோறும் சோதித்து, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசும் தொழிலாளியின் பெயரை எந்தக் கல்லும் தாங்கி நிற்பதில்லை. ஏரியை வெட்டியவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கோடைதோறும் தூர்வாரியவரை மறந்துவிடுகிறது. தூர்வாரப்படாத ஏரி சில தலைமுறைகளில் மேடாகிவிடும் என்பதை மட்டும் அனைவரும் அறிவர்.

அறிவியல் கருவிகளுக்கும் இதுவே பொருந்தும். பெரியதைக் கட்டுக, புதியதைக் கட்டுக என்னும் குரல் ஓங்கி ஒலிக்கும் காலம் இது. இருப்பதைப் பேணுக, இருப்பதை மேம்படுத்துக என்னும் மற்றொரு குரலுக்கும் செவிசாய்க்க வேண்டியுள்ளது. அக்குரலுக்குச் சான்றாக நிற்பது, ‘யூகர்ட்’ எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் ஐக்கிய இராச்சிய அகச்சிவப்புத் தொலைநோக்கி ஆகும்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளி

1800ஆம் ஆண்டில் வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, ஒவ்வொரு நிறத்தின் வெப்பத்தையும் வெப்பமானியால் அளந்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், ஒளியே தென்படாத இடத்தில் வைக்கப்பட்ட வெப்பமானியும் வெப்பத்தைக் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒளியும் உண்டு என்பதை அச்சிறு கருவி உலகுக்கு உணர்த்தியது. அக்கதிர்களே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படுகின்றன.

வானத்தை இக்கதிர்களால் ஆராய்வதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. விண்மீன்கள் பிறக்கும் இடங்களைத் தூசு மேகங்கள் மூடியுள்ளன. காணும் ஒளியை மறைக்கும் அத்தூசைப் பெரிதும் ஊடுருவி வரவல்லவை அகச்சிவப்புக் கதிர்கள். கோள்கள், பழுப்புக் குறுமீன்கள் போன்ற குளிர்ந்த பொருள்கள் காணும் ஒளியை மிகக் குறைவாகவே உமிழ்கின்றன. அவை பெரிதும் ஒளிர்வது அகச்சிவப்பிலேயே. மூன்றாவது காரணம் எல்லாவற்றினும் வியப்பிற்குரியது. பேரண்டம் விரிந்துகொண்டே செல்வதால், மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளமும் வழிநெடுக நீள்கிறது. புறப்பட்டபோது புறஊதாக் கதிராக இருந்தது, பூமியை அடையும்போது அகச்சிவப்பாகிவிடுகிறது. ஆகவே, பேரண்டத்தின் இளமைக்காலத்தை அறிய விரும்புவோருக்கு அகச்சிவப்பு வானியல் இன்றியமையாதது.

இவ்வாய்வுக்கு இரண்டு பெருந்தடைகள் உள்ளன. முதலாவது, காற்றிலுள்ள நீராவி. அது அகச்சிவப்புக் கதிர்களின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது; 1.25, 1.65, 2.2 மைக்ரோமீட்டர் முதலான சில அலைநீளங்களை ஒட்டியே வளிமண்டலத்தில் சன்னல்கள் திறந்துள்ளன. இரண்டாவது தடை வெப்பம். அறை வெப்பநிலையில் உள்ள ஒவ்வொரு பொருளும் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாக ஒளிர்கிறது. தொலைநோக்கியும் ஒளிர்கிறது, அதனைத் தாங்கும் இரும்பும் ஒளிர்கிறது, மேலேயுள்ள வானமும் ஒளிர்கிறது. இத்தனை ஒளிக்கு நடுவே தொலைதூர விண்மீன் ஒன்றைத் தேடுவது, நண்பகலில் விளக்குகளையும் ஏற்றி வைத்துக்கொண்டு வானத்தில் விண்மீனைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

மலையுச்சியில் ஒரு மெல்லிய ஆடி

முதல் தடையைக் கடக்க வானியலாளர்கள் மலையேறினர். ஹவாய்த் தீவில் உள்ள மௌனா கியா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள எரிமலை. மேகப்படலம் பெரும்பாலும் இதன் உச்சிக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. உச்சியின் காற்று மிக வறண்டது. இங்கேதான் 1979ஆம் ஆண்டில் யூகர்ட் தன் பணியைத் தொடங்கியது. அதன் முதன்மை ஆடியின் விட்டம் 3.8 மீட்டர். அகச்சிவப்பு ஆய்வுக்கென்றே தரையில் அமைக்கப்பட்ட தொலைநோக்கிகளுள் அது நெடுங்காலம் உலகின் மிகப்பெரியதாக விளங்கியது.

அது செல்வச் செழிப்பில் பிறந்த கருவியன்று. குறைந்த செலவில் நிறைந்த ஒளியைத் திரட்ட வேண்டும் என்பதே அதனை வடிவமைத்தோரின் நோக்கம். அகச்சிவப்புக் கதிர்களின் அலைநீளம் காணும் ஒளியைவிட நீண்டது என்பதால், ஆடியின் வளைவு அத்துணை நுட்பமாக இருக்க வேண்டியதில்லை என்று கருதினர். எனவே, வழக்கத்தைவிட மிக மெல்லிய ஆடியைத் தேர்ந்தனர். அதன் எடை ஏறத்தாழ 6.5 டன் மட்டுமே. ஆடியின் எடை குறைந்ததால் அதனைத் தாங்கும் சட்டத்தின் எடை குறைந்தது. சட்டத்தின் எடை குறைந்ததால் குவிமாடத்தின் அளவும் குறைந்தது.

ஆனால், ஆடியை மெருகேற்றிய நியூகாசில் நகரின் கிரப் பார்சன்ஸ் நிறுவனத்துக் கைவினைஞர்கள், கேட்கப்பட்ட அளவோடு நின்றுவிடவில்லை. ஒப்பந்தம் கோரியதைவிட மிக நுட்பமாக அதனை மெருகேற்றிக் கொடுத்தனர். அன்று அந்நுட்பத்தை முழுமையாகப் பயன்படுத்தும் வழி இல்லை. எனினும், பிற்காலத்தில் அத்தொலைநோக்கி அடைந்த ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் அக்கைவினைஞர்களின் மிகை உழைப்பே அடித்தளமாயிற்று. தம் பணியைத் தேவைக்கு மேலாகச் செம்மையாகச் செய்வோர், வருங்காலத்திற்குக் கடன் கொடுக்கின்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

குளிரைக் காக்கும் பணி

வானாய்வகம் என்றதும் விண்மீன்களை நோக்கி அமர்ந்திருக்கும் அறிஞரின் உருவமே மனத்தில் தோன்றுகிறது. உண்மையில், ஓர் இரவின் ஆய்வுக்குப் பின்னால் பகல்நேர உழைப்பு ஏராளமாக மறைந்துள்ளது. அகச்சிவப்பு ஆய்வகத்தில் அவ்வுழைப்பு இரட்டிப்பாகிறது. காரணம், அங்கே குளிரைக் காக்க வேண்டும்.

கதிர்களைப் பதிவுசெய்யும் உணரிகள் தம் சொந்த வெப்பத்தாலேயே குருடாகிவிடக்கூடியவை. எனவே, காற்று நீக்கப்பட்ட குளிர்கலங்களுக்குள் அவற்றை வைத்துக் குளிர்விக்கின்றனர். திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்; திரவ ஹீலியத்தின் கொதிநிலை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். இத்தகைய நீர்மங்களை மலைப்பாதை வழியே ஏற்றிச் சென்று, ஆவியாகித் தீரும் முன் கலங்களில் நிரப்புவது முற்கால வழக்கம். பின்னர் வந்த கருவிகளில், மூடிய சுழற்சியில் இயங்கும் குளிர்விப்பான்கள் அப்பணியை ஏற்றன. எந்த முறையாயினும், ஒரு குளிர்கலத்தைத் திறந்து பழுது பார்ப்பது சில மணி நேர வேலையன்று. உறுப்புகள் வெடித்துவிடாதவாறு அதனை மெல்லச் சூடேற்றி, பழுது நீக்கி, மீண்டும் காற்றகற்றி, மெல்லக் குளிர்விக்க வேண்டும். ஒரு சிறு திருகு தளர்ந்திருந்தாலும் பல இரவுகள் பயனற்றுப் போகும்.

ஆடியின் மீது படியும் தூசும் வெப்பத்தை உமிழ்ந்து ஆய்வைக் கெடுக்கும். எனவே, ஆடியைத் தூய்மையாக வைப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைக் கழற்றிப் பழைய உலோகப் பூச்சை அகற்றி, வெற்றிடக் கலத்தில் புதிய அலுமினியப் பூச்சை ஏற்றுவதும் கட்டாயப் பணிகள். டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியை, உயிர்வளி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடே கிடைக்கும் உச்சியில் நின்று, கீறலின்றி இறக்கி ஏற்ற வேண்டும். அவ்வுயரத்தில் எளிய கணக்கும் மறதிக்கு உள்ளாகும். சிறிய பளுவும் மூச்சிரைப்பை உண்டாக்கும். பணியாளர்கள் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஹலே போஹாகு என்னும் இடத்தில் தங்கி உடலைப் பழக்கிக்கொண்ட பின்னரே உச்சிக்குச் செல்வது வழக்கம்.

இப்பணிகளுள் ஒன்றுகூட ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால், இவற்றுள் ஒன்று தவறினாலும் ஆய்வேடே இல்லை. எனவே, இயக்கமும் பராமரிப்பும் அறிவியலுக்குச் செய்யப்படும் ஏவல் பணிகள் அல்ல, அவையும் அறிவியலே.

ஆடி ஒன்று, பார்வை பல

தொடக்கக் காலத்தில் யூகர்ட் வானத்தின் ஒரு புள்ளியை மட்டுமே ஒரு நேரத்தில் அளக்க இயன்றது. ஒரு படம் வேண்டுமெனில் புள்ளி புள்ளியாகத் தொலைநோக்கியை நகர்த்தி அளக்க வேண்டும். 1986ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. ‘ஐஆர்கேம்’ என்னும் அகச்சிவப்புப் படக்கருவி பொருத்தப்பட்டது. அதன் உணரியில் 62 வரிசைகளும் 58 நிரல்களுமாக 3,596 படப்புள்ளிகள் இருந்தன. இன்றைய கைப்பேசிப் படக்கருவியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. ஆனால், ஒற்றைப் புள்ளியோடு வாழ்ந்தவர்களுக்கு அது திடீரெனக் கண் திறந்தது போன்ற நிகழ்வு. பல இரவுகள் எடுத்த பணி சில நிமிடங்களில் முடிந்தது.

1990களில் தொலைநோக்கியின் உடலே சீரமைக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தின் துணையோடு, துணை ஆடி புதிதாக அமைக்கப்பட்டது. காற்றின் அசைவால் விண்மீனின் பிம்பம் நடுங்கும்போது, அந்நடுக்கத்திற்கு எதிராக நொடிக்குப் பல முறை அசைந்து பிம்பத்தை நிலைநிறுத்தியது அவ்வாடி. மெல்லிய முதன்மை ஆடி தன் எடையால் வளைவதைக் கணினியின் வழிகாட்டுதலில் திருத்தும் தாங்கிகள் சேர்க்கப்பட்டன. குவிமாடச் சுவரில் திறப்புகள் அமைத்து இரவுக்காற்று தடையின்றி உலவ வழி செய்யப்பட்டது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் மீது காட்சிகள் நெளிவதைக் கண்டோர், குவிமாடத்துக்குள் தேங்கிய வெப்பக்காற்று விண்மீனின் பிம்பத்தை எவ்வாறு சிதைக்கும் என்பதை எளிதில் உணர்வர். இத்திருத்தங்களுக்குப் பின், நல்ல இரவுகளில் அரை விகலைக்கும் குறைவான கூர்மையுடைய பிம்பங்கள் கிட்டின. ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கினால் ஒரு கூறே ஒரு விகலை. மலிவான ஒளித்திரட்டியாகப் பிறந்த கருவி, நுட்பமான கண்ணாக வளர்ந்தது. நியூகாசில் கைவினைஞர்கள் கொடுத்த கடன் அப்போதுதான் வட்டியோடு திரும்பியது.

2004ஆம் ஆண்டில் அகன்புலப் படக்கருவி ஒன்று பொருத்தப்பட்டது. எடின்பரோவில் உருவான அதில், ஒவ்வொன்றும் 2,048 வரிசைகளும் 2,048 நிரல்களும் கொண்ட நான்கு உணரிகள் இருந்தன. நான்கு முறை சற்றே நகர்த்திப் படமெடுத்தால், முழுநிலவைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்புள்ள வானம் இடைவெளியின்றிப் பதிவாகும்.

தெரிந்து தெளிவோம்

1986ஆம் ஆண்டுப் படக்கருவி: 62 × 58 = 3,596 படப்புள்ளிகள்.
2004ஆம் ஆண்டுப் படக்கருவி: 4 × 2,048 × 2,048 = 1,67,77,216 படப்புள்ளிகள்.
பதினெட்டு ஆண்டுகளில் படப்புள்ளிகளின் எண்ணிக்கை 4,600 மடங்குக்கும் மேலாகப் பெருகியது. ஆடி மாறவில்லை, மலை மாறவில்லை, கூரை மாறவில்லை.

இக்கருவியைக் கொண்டு 2005ஆம் ஆண்டில் ‘யூகிட்ஸ்’ என்னும் வான அளவைப் பணி தொடங்கியது. 2010ஆம் ஆண்டில், சூரியனிலிருந்து ஏறத்தாழ 13 ஒளியாண்டுத் தொலைவில் அதுவரை எவர் கண்ணிலும் படாதிருந்த குளிர்ந்த பழுப்புக் குறுமீன் ஒன்று அதன் தரவில் வெளிப்பட்டது. 2011ஆம் ஆண்டில், அன்றுவரை அறியப்பட்டவற்றுள் மிகத் தொலைவிலுள்ள குவாசர் அறிவிக்கப்பட்டது. பெருவெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 77 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது அதன் ஒளி புறப்பட்டது. அதன் மையத்திலுள்ள கருந்துளையின் நிறை, சூரியனைப் போல் ஏறத்தாழ 200 கோடி மடங்கு. பேரண்டம் அத்துணை இளமையாக இருந்தபோதே இத்துணைப் பெரிய கருந்துளை எவ்வாறு வளர்ந்தது என்னும் வினா இன்றும் அறிஞர்களைச் சிந்திக்க வைக்கிறது. அவ்வினாவை எழுப்பியது, 32 ஆண்டு முதுமை கொண்ட ஒரு தொலைநோக்கி.

மேம்பாடு என்பது இரும்பையும் கண்ணாடியையும் மாற்றுவது மட்டுமன்று. நாள்காட்டிப்படி ஆய்வாளர்களுக்கு இரவுகளைப் பங்கிட்டுக் கொடுத்த பழைய வழக்கத்தை மாற்றி, அன்றைய வானிலைக்கு எந்த ஆய்வு ஏற்றதோ அதனை முதலில் நிகழ்த்தும் நெகிழ்வான முறையையும் யூகர்ட் கைக்கொண்டது. மிகத் தெளிந்த இரவு, மிக நுட்பமான ஆய்வுக்குச் சென்றது. மென்மேகம் படர்ந்த இரவும் வீணாகவில்லை. புதிய கண்ணாடி எதுவும் வாங்காமல், பயன்படும் இரவுகளைப் பெருக்கிய மேம்பாடு அது.

யானையும் தீனியும்

யானையை வாங்குவது ஒருநாள் செலவு. அதற்குத் தீனி போடுவது நாள்தோறும் செலவு. பெருங்கருவிகளைப் பற்றிய திட்டங்களில் முதற்செலவே பெரிதாகப் பேசப்படுகிறது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வேண்டிய ஊதியமும் மின்சாரமும் உதிரி உறுப்புகளும் மேம்பாட்டுச் செலவும் ஓரமாக ஒதுக்கப்படுகின்றன. நிதி நெருக்கடி வரும்போது முதலில் கைவைக்கப்படுவதும் அவற்றின் மீதே.

யூகர்ட்டுக்கும் அந்நிலை வந்தது. 2010ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, உச்சியில் இரவுப்பணியாளர் எவருமின்றி, கடற்கரை நகரான ஹீலோவிலிருந்தே தொலைநோக்கியை இயக்கும் சிக்கன முறைக்கு அது மாறியது. அகன்புலப் படக்கருவி மட்டும் தொடர்ந்து பயன்பட, மற்றக் கருவிகள் ஓய்வில் வைக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டில், பிரித்தானிய அரசின் அறிவியல் நிதிமன்றம் தன் ஆதரவை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2014ஆம் ஆண்டில் அத்தொலைநோக்கி ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் உடைமையாயிற்று. பின்னர், விண்வெளியில் சுற்றும் கழிவுப் பொருள்களைக் கண்காணிக்கும் ஆய்வுக்கும் அது பயன்பட்டது.

நிதிமன்றத்தின் வாதத்தைப் புறந்தள்ளிவிட இயலாது. 2002ஆம் ஆண்டில் பிரித்தானியா ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தில் இணைந்துவிட்டது. சிலி நாட்டில் 4.1 மீட்டர் ஆடியுடைய ‘விஸ்டா’ என்னும் அகச்சிவப்பு அளவைத் தொலைநோக்கியும் பணி செய்துகொண்டிருந்தது. இருக்கும் பணம் ஒன்று. அதனைக் கேட்கும் கைகள் பல. பழையது ஒன்றை விடாமல் புதியது ஒன்றைத் தொடங்க இயலாது என்று நிதியாளர் கூறுவதில் நியாயம் உண்டு.

ஆயினும், அவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. விஸ்டா தென்பாதி வானத்தைக் காண்பது. யூகர்ட் வடபாதி வானத்தைக் காண்பது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. மேலும், ஒரு கருவியின் வயதைத் தொடங்கிய ஆண்டிலிருந்து எண்ணுவது தவறு. கடைசியாக மேம்படுத்தப்பட்ட ஆண்டிலிருந்தே எண்ண வேண்டும். அக்கணக்குப்படி, நிதி நிறுத்தம் அறிவிக்கப்பட்டபோது யூகர்ட் எட்டு வயதுக் குழந்தை. அரிய முடிவுகளைத் தந்துகொண்டிருந்த காலத்திலேயே அதன் கைச்செலவை நிறுத்தியது, விளைந்து நிற்கும் வயலுக்கு நீர் விட மறுப்பது போன்றது. மலையில் பல்லாண்டுகள் பழகிய பொறியாளரின் கைப்பக்குவத்தை எந்த வரைபடத்திலும் எழுதி வைக்க இயலாது. குழு கலைந்தால் அவ்வறிவும் கலைந்துவிடும். பிறகு பணம் கிடைத்தாலும் அது திரும்பாது.

மலையின் உரிமை

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, நன்கு இயங்கும் கருவி எதனையும் எக்காலத்தும் அகற்றலாகாது என்று முடிவுகட்டினால் அது முழு உண்மையாகாது. யூகர்ட் நிற்பது வெறும் பாறையின் மீதன்று. மௌனா கியா, ஹவாய்ப் பழங்குடி மக்களின் புனித மலை. வானத் தந்தையாகிய வாக்கியாவோடு அதனை உறவுபடுத்துகிறது அவர்களின் மரபு. உச்சியின் பனியில் பொலியாஹு என்னும் தெய்வம் உறைவதாக அவர்கள் நம்புகின்றனர். அம்மக்களின் முன்னோர் விண்மீன்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு பசிபிக் பெருங்கடலைக் கடந்தவர்கள். வானறிவுக்கு அவர்கள் பகைவர் அல்லர்.

1968ஆம் ஆண்டில் உச்சிப் பகுதியை ஹவாய்ப் பல்கலைக்கழகம் 65 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிமாடங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் எழுந்தபோது, அடுத்தது எப்போது நிற்கும் என்னும் கவலை அம்மக்களிடம் வளர்ந்தது. முப்பது மீட்டர்த் தொலைநோக்கித் திட்டம் வந்தபோது அக்கவலை போராட்டமாக வெடித்தது. 2019ஆம் ஆண்டில் மலைப்பாதையின் அடிவாரத்தில் முதியோர் அமர்ந்து மறியல் செய்தனர். பலர் கைது செய்யப்பட்டனர். அத்திட்டத்தில் இந்தியாவும் பங்குதாரர். ஆகவே, இது எங்கோ நிகழும் பிணக்கு என்று இந்திய மாணவர்கள் ஒதுக்கிவிட இயலாது.

புதிய தொலைநோக்கி வருமுன் பழையவற்றுள் சிலவற்றை அகற்றி நிலத்தை முன்போல் ஆக்கித் தருவதாக, 2015ஆம் ஆண்டில் உறுதி அளிக்கப்பட்டது. கால்டெக் நிறுவனத்தின் தொலைநோக்கி ஒன்றும், கற்பித்தலுக்கான ஹோகு கெயா தொலைநோக்கியும் அகற்றப்பட்டு, 2024ஆம் ஆண்டில் அப்பணி நிறைவுற்றது. அகற்றப்பட வேண்டியவற்றின் வரிசையில் மூன்றாவதாகக் குறிக்கப்பட்டது யூகர்ட்.

இங்கே இரண்டு முடிவுகளைப் பிரித்தறிய வேண்டும். பராமரிப்பு என்பது சிறுசெலவு எனக் கருதி, நன்கு இயங்கும் கருவியைப் பட்டினியிட்டுச் சாகவிடுவது ஒன்று. கொடுத்த வாக்கைக் காக்க, பயன்பாடு இருக்கும்போதே அதனை முறைப்படி விடைகொடுத்து அனுப்புவது மற்றொன்று. முன்னது பொறுப்பின்மை, பின்னது பொறுப்பு. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் மூடல் என்றே தோன்றும். ஆனால், முன்னதில் அறிவியல் தோற்கிறது. பின்னதில் அறிவியல் தன் மதிப்பை உயர்த்திக்கொள்கிறது. வாக்கைக் காப்பாற்றாத அறிவியலுக்கு அடுத்த மலையில் இடம் கிடைக்காது.

அழியாமல் எஞ்சுவது

அகற்றப்பட்டால் எல்லாம் அழிந்துவிடுமா? அழியாது. 2017ஆம் ஆண்டில், 2011ஆம் ஆண்டின் சாதனையை விஞ்சும் தொலைவில் மற்றொரு குவாசர் கண்டறியப்பட்டது. பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 69 கோடி ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி அது. அதனைக் கண்டறியத் துணைநின்ற தரவுகளுள் யூகர்ட் முன்பே திரட்டி வைத்த வான அளவையும் ஒன்று. படமெடுத்தபோது எவரும் கேட்காத கேள்விக்கு, சேமிப்பில் கிடந்த தரவு பின்னாளில் விடை தந்தது. கண்ணாடி உடையலாம், கவனமாகப் பேணப்பட்ட தரவு உடைவதில்லை. ஆகவே, தரவைப் பேணுவதும் கருவியைப் பேணுவதன் பகுதியே.

யூகர்ட்டின் வரலாறு, பெருங்கருவிகளைக் கட்ட முனையும் நாடுகளுக்கு மூன்று கடமைகளை எடுத்துரைக்கிறது. கட்டும் செலவோடு காக்கும் செலவையும் மேம்படுத்தும் செலவையும் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். கருவியை இயக்கும் தொழில்நுட்பரையும் பழுது நீக்குவோரையும் ஆய்வாளருக்கு இணையாக மதிக்க வேண்டும். கருவி நிற்கும் மண்ணுக்கு உரியவர்களிடம், எப்போது வருவோம் என்பதோடு எப்போது விடைபெறுவோம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மலிவாகப் பிறந்து, மேம்பாட்டால் உயர்ந்து, சிக்கனத்தால் சுருங்கி, பேரண்டத்தின் இளமையை உலகுக்குக் காட்டிய தொலைநோக்கி அது. அதன் ஆடியை மெருகேற்றியவர்கள், குளிர்கலங்களை நிரப்பியவர்கள், பனிபடர்ந்த பாதையில் இரவும் பகலும் ஏறி இறங்கியவர்கள் ஆகியோரின் பெயர்களைப் பாடநூல்கள் தாங்கவில்லை. எனினும், தொலைதூர ஒளி ஒவ்வொன்றும் அவர்களின் கைகளைக் கடந்தே மனித அறிவை அடைந்தது. கட்டுவோரைப் போற்றும் சமுதாயம் வளரும். காப்போரையும் போற்றும் சமுதாயமே நிலைக்கும்.

கற்பவை கற்றபின்...

1. ‘கருவியின் வயதைக் கடைசியாக மேம்படுத்தப்பட்ட ஆண்டிலிருந்து எண்ண வேண்டும்’ என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் பள்ளியிலோ ஊரிலோ நெடுங்காலமாகப் பேணப்பட்டுவரும் கருவி, கட்டடம், நீர்நிலை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைப் பேணுவோரைச் சந்தித்து, அவர்தம் பணி குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. சவ்வாது மலையில் காவலூரில் அமைந்துள்ள வைணு பாப்பு வானாய்வகம் பற்றிய செய்திகளைத் திரட்டிச் சுவரிதழ் ஒன்றை உருவாக்குக.